தூக்குத் தண்டனைக்கு மறுவிசாரணை வேண்டும்: பட்டிமன்ற உரை

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். மரண தண்டனை வழக்குல மேல்முறையீடும் மறுவிசாரணையும் நீதியைக் காக்குதா, இழுத்தடிக்குதா? காக்குதுன்னு பேச வந்திருக்கேன்.

எதிரணித் தம்பி பேசினார், கைதட்டலும் வாங்கினார். என்ன கேட்டார்? "தூக்குன்னு தீர்ப்பான பிறகும் வாய்தா மேல வாய்தா கேட்கிறீங்களே, இது கோர்ட்டா, கல்யாண மண்டபமா?" எல்லாரும் சிரிச்சீங்க. தம்பி, அப்படிக் கேட்டுக்கிட்டே இருந்த ஒருத்தர் கதையைச் சொல்றேன். அப்புறமும் சிரிப்பு வருதான்னு பார்ப்போம்.

ஜப்பான்ல ஷிசுவோகா. 1966. சோயா பீன்ஸைப் புளிக்க வெச்சு மிசோன்னு ஒரு விழுது செய்வாங்க, அந்தக் கம்பெனி. அதோட நிர்வாகி வீட்டுல நாலு பேர் கொலை. அங்க வேலை பார்த்த முன்னாள் குத்துச்சண்டை வீரர் இவாவோ ஹகமாடாவைப் பிடிச்சாங்க. நாள் கணக்கா விசாரிச்சு ஒப்புதல் வாக்குமூலம் வாங்கினாங்க. கோர்ட்ல "நான் செய்யல"ன்னார். கொலை நடந்து ஒரு வருஷம் ரெண்டு மாசம் கழிச்சு, மிசோ தொட்டிக்குள்ள இருந்து ரத்தக்கறையோட அஞ்சு துணி வருது. கொலைகாரன் போட்டிருந்தது இதுதான்னாங்க. 1968-ல தூக்குத் தண்டனை.

மேல்முறையீட்டுல அந்த அஞ்சு துணியில இருந்த பேண்ட்டை அவருக்கே போட்டுப் பார்த்தாங்க. ஏறல! தொடையிலயே நின்னுடுச்சு. திரும்பவும் போட்டாங்க, ஏறல. மூணாவது தடவையும் ஏறல ஐயா! அரசுத் தரப்பு என்ன சொன்னது? மிசோவுல ஊறிக் காய்ஞ்சதுல சுருங்கிடுச்சாம். லேபிள்ல 'பி'ன்னு இருக்கு, அது பெரிய சைஸாம். பின்னாடி பார்த்தா அந்த 'பி' சைஸே இல்ல, துணியோட நிறத்துக்குப் போட்ட குறி! கறையில சிவப்பு வேற மிச்சம் இருந்தது. ரத்தம் பட்ட துணியை மிசோவுல ஊறவெச்சுப் பரிசோதிச்சா, சிவப்பு போய்க் கறுத்துடுது. அப்போ அந்தத் துணி ஒரு வருஷத்துக்கு மேல தொட்டியில எப்படிக் கிடந்திருக்கும்? இதையெல்லாம் மேல்முறையீடும் மறுவிசாரணை மனுவும் இல்லாம யார் கேட்டிருப்பாங்க?

இழுத்தடிச்சது யாரு தம்பி? 2014-ல மறுவிசாரணைக்கு உத்தரவாகி, 48 வருஷம் கழிச்சு வெளிய வந்தார். அரசுத் தரப்பு எதிர்த்துப் போனதால உத்தரவு உறுதியாக 2023 ஆச்சு. 2024 செப்டம்பர் 26-ல குற்றமற்றவர்னு தீர்ப்பு. சாட்சியங்களைப் புனைஞ்சிருக்காங்கன்னும் கோர்ட்டே சொல்லிடுச்சு.

ஜப்பான் கதை நமக்கெதுக்குன்னு கேட்காதீங்க. 2009-ல ஆறு பேருக்கு மரண தண்டனைன்னு தீர்ப்பு சொன்ன நம்ம உச்ச நீதிமன்றமே, 2019-ல ஆறு பேரையும் விடுதலை செஞ்சது.

ஜப்பான்ல தூக்குன்னா அன்னைக்குக் காலையிலதான் கைதிக்கே சொல்வாங்க. விடியற ஒவ்வொரு நாளும் கடைசி நாளா இருக்கலாம். அப்படி இருந்து இருந்தே அந்த மனுஷனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. பார்க்க வந்த சொந்த அக்காவையே பார்க்க மாட்டேன்னுட்டார். அந்த அக்கா ஹிதெகோ, வர்றதை நிறுத்தல. முதல் மறுவிசாரணை மனு தள்ளுபடியானதும் ரெண்டாவது மனுவைப் போட்டதே அவங்கதான். தீர்ப்பு அன்னைக்குத் தம்பி கோர்ட்டுக்கு வர்ற நிலையில இல்ல. அக்கா வந்தாங்க, 91 வயசுல! இவ்வளவு காலமாயிடுச்சேன்னு நீதிபதி அந்த அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டார். ஐயா, அந்தத் தீர்ப்பை வீட்டுக்குப் போய்ச் சொல்றதுக்கு அவங்க தம்பி உசிரோட இருந்தார். முதல்லயே தூக்குல போட்டிருந்தா, அந்த அக்கா யார்கிட்ட போய்ச் சொல்லியிருப்பாங்க? எதிரணி பதில் சொல்லட்டும்.