அந்தப் பேருந்தைப் புறப்பட வைத்தது யார்?

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் என் வணக்கம்.

‘பள்ளிக்கூடத்தில் நிறவேலியை உடைத்தது ஆடுகளமா, சட்டமா?’ என்பது இன்றைய தலைப்பு. சட்டமே என்று வாதாட வந்தது எங்கள் அணி. இரண்டு அணியும் சான்றாக எடுத்துக்கொண்டது 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரிமெம்பர் த டைட்டன்ஸ்’ என்ற அமெரிக்கத் திரைப்படம். வர்ஜீனியா மாநிலம், அலெக்சாண்டிரியா நகரம், 1971. டி.சி. வில்லியம்ஸ் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் கறுப்பின மாணவர்களும் வெள்ளை மாணவர்களும் சேர்கிறார்கள், முறைத்துக்கொள்கிறார்கள், உயிர் நண்பர்களாகிறார்கள், மாநிலக் கோப்பையை வெல்கிறார்கள். பயிற்சியாளர் ஹெர்மன் பூனாக டென்சல் வாஷிங்டன் நடித்திருக்கிறார்.

எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார், “சட்டம் பிள்ளைகளை ஒரே கட்டடத்துக்குள் தள்ளியது, அவ்வளவுதான். அவர்கள் மனத்தைச் சேர்த்தது பந்து” என்றார். அவை கைதட்டியது. எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். பிடித்த படம் என்பதாலேயே, அது சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லியாக வேண்டும் என்று வந்திருக்கிறேன்.

படத்தில் அணி பயிற்சி முகாமுக்குப் புறப்படும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒரு பேருந்தில் கறுப்பின மாணவர்கள், மற்றொன்றில் வெள்ளையர்கள். யாரும் சொல்லாமலே அப்படிப் பிரிந்து ஏறிக்கொள்கிறார்கள். பூன் எல்லோரையும் கீழே இறக்குகிறார். தாக்கி ஆடுபவர்கள் ஒரு வண்டியில், தடுத்து ஆடுபவர்கள் இன்னொரு வண்டியில் என்று மாற்றி ஏற்றுகிறார். பக்கத்தில் உட்காருபவனே முகாமில் அறைத்தோழன். அதோடு விட்டாரா? மற்ற நிறத்துத் தோழன் ஒவ்வொருவனைப் பற்றியும் தெரிந்துகொண்டு வந்து சொல்லும்வரை ஒரு நாளைக்கு மூன்று வேளைப் பயிற்சி என்று கட்டளையிடுகிறார்.

நடுவர் அவர்களே, இது பந்து செய்த வேலையா? பந்து அப்போது மூட்டைக்குள் கிடக்கிறது! இது ஆணை. மீறினால் தண்டனை உண்டு என்ற விதி. பிள்ளைகள் தாமாகப் பிரிந்தார்கள், விதி அவர்களைச் சேர்த்தது. நட்பு அதற்குப் பின்னால் வந்தது. எதிரணியின் சாட்சியாக வந்த படமே எங்கள் பக்கம் சாட்சி சொல்கிறது.

அந்தப் பேருந்து ஏன் 1971இல் புறப்பட்டது என்பதே என் கேள்வி. ஏன் 1955இல் புறப்படவில்லை? நிறத்தால் பிரித்த பள்ளிகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் பிரவுன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது 1954இல். அலெக்சாண்டிரியாவில் அப்போது கால்பந்து இல்லையா? இருந்தது. வெள்ளையர் பள்ளிக்கு ஓர் அணி, கறுப்பினப் பிள்ளைகள் படித்த பார்க்கர் கிரே பள்ளிக்கு ஓர் அணி. தீர்ப்பு வந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் அவரவர் அவரவர் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பந்தும் வேலி தாண்டி வந்து யாரையும் அழைக்கவில்லை.

அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிரவுன் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்டவற்றில் ஒன்று இதே வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டத்து வழக்கு. 1951இல் அங்கே பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுக் கறுப்பினப் பெண், தன் பள்ளியைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தாள். இடமில்லாமல் தார்க்காகிதம் ஒட்டிய கொட்டகைகளில் வகுப்பு நடந்த பள்ளி அது. அவள் கையில் பந்து இல்லை. வழக்கறிஞர்களுக்குக் கடிதம் எழுதினாள். சட்டம் என்றால் கறுப்பு அங்கியும் தடித்த புத்தகமும் மட்டும் என்று எதிரணி எண்ண வேண்டாம். அந்தச் சிறுமியின் கடிதமும் சட்டத்தின் கதைதான்.

தீர்ப்பைக் கேட்ட வர்ஜீனியா என்ன செய்தது? கறுப்பினப் பிள்ளையைச் சேர்க்கும் பள்ளியை மூடிவிடலாம் என்று 1956இல் சட்டசபையில் சட்டம் இயற்றியது. 1958இல் நார்ஃபோக் உள்ளிட்ட ஊர்களில் பள்ளிகளை உண்மையாகவே பூட்டியது. 1959 ஜனவரியில் நீதிமன்றங்கள் அந்தச் சட்டங்களை அடித்து நொறுக்கின. பிரின்ஸ் எட்வர்டு மாவட்டமோ அப்போதும் பணியாமல், அதே ஆண்டு தன் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் மூடியது. ஐந்து ஆண்டுகள்! வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகளில் பலருக்கு எந்தப் பள்ளியும் கிடைக்கவில்லை. ஆறு வயதில் முதல் வகுப்புக்குப் போக வேண்டிய குழந்தை பதினொரு வயதாகும்வரை வாசலில் நின்றது. அந்தக் கதவைத் திறக்க வைத்தது 1964இல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

இனி அலெக்சாண்டிரியாவுக்கே வருவோம். 1958இல் அந்த நகரத்துப் பள்ளி ஒன்றில் சமையல் வேலை பார்த்த கறுப்பினத் தாய் ஒருவர், தன் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கக் கோரும் வழக்கில் சேர்ந்தார். அதற்காகவே நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் அவரை வேலையிலிருந்து நீக்கினார். வழக்கு நிற்கவில்லை. 1959 பிப்ரவரி 10 அன்று, நீதிமன்ற ஆணையின் பலத்தில், ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் அந்நகரின் மூன்று பள்ளிகளுக்குள் நடந்து போனார்கள். அந்த ஒன்பது பேரைப் பற்றி யாரும் கோப்பைக் கதை எழுதவில்லை. ஆனால் 1971இல் பேருந்து போன பாதையில் முதல் அடி வைத்தவர்கள் அவர்கள்தாம்.

அதன் பிறகும் ஒப்புக்குச் சிலரைச் சேர்த்துவிட்டுக் காலம் கடத்தினார்கள். 1968இல் இன்னொரு வர்ஜீனியா வழக்கில், பிரிவினை இப்போதே ஒழியும்படியான திட்டம் வேண்டும் என்றது உச்சநீதிமன்றம். 1971 ஏப்ரலில், பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிக்கு அனுப்பியாவது அதைச் செய்யலாம் என்றது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் அலெக்சாண்டிரியா தன் மூன்று உயர்நிலைப் பள்ளிகளின் மேல் வகுப்புகளை டி.சி. வில்லியம்ஸில் ஒன்றாக்கியது. டைட்டன்ஸ் அணி பிறந்த கதை இது. பதின்மூன்று ஆட்டங்கள், பதின்மூன்று வெற்றிகள், இறுதியாட்டத்தில் 27–0. மூன்று பள்ளிகளின் ஆட்டக்காரர்கள் ஒரே அணியில் திரண்டிருந்தார்கள், வேறு எப்படி இருக்கும்?

படம் இந்த இடத்தில் ஒரு பெரிய தவறு செய்கிறது. எதிர்த்து ஆடிய பள்ளிகளெல்லாம் வெள்ளையர் பள்ளிகள் என்று காட்டுகிறது. உண்மையில் அவற்றில் பெரும்பாலானவற்றில் அப்போதே இரு நிறத்தவரும் படித்தார்கள். டி.சி. வில்லியம்ஸிலும் 1971க்கு முன்பே கறுப்பின மாணவர்கள் இருந்தார்கள். கதைக்குச் சுவை கூட்டப் பதினேழு ஆண்டுப் போராட்டத்தை அழித்துவிட்டு, எல்லாம் ஒரு பருவத்தில், ஒரு மைதானத்தில் நடந்ததுபோல் ஆக்கிவிட்டார்கள். எதிரணி நம்பியிருப்பது அந்த அழிப்பை.

அவர்கள் கேட்ட ஒரு கேள்வி நியாயமானது. “உணவகங்களில் நிறம் பார்க்கக் கூடாது என்று 1964லேயே சட்டம் வந்துவிட்டது. படத்தில் 1971லும் ஓர் உணவகக்காரர் கறுப்பின மாணவர்களைத் திருப்பி அனுப்புகிறாரே, சட்டம் என்ன கிழித்தது?” என்றார்கள். சரி. அணியின் நட்புதான் அந்தக் கதவைத் திறந்ததா? வெள்ளை நண்பன் நல்ல மனத்தோடுதான் அவர்களை அழைத்துப் போனான். அவனும் அவமானத்தோடு திரும்பினான். சட்டம் இருந்ததால், அன்று தவறு செய்தவர் என்று சொல்லத்தக்கவர் உணவகக்காரர். பத்து ஆண்டுகள் முன்னால் அதே வாசலில் அதே மாணவர்கள் நின்றிருந்தால், வரம்பு மீறியவர்கள் என்று அவர்களைத்தான் சொல்லியிருப்பார்கள்.

எதிரணி கண்ணீரோடு விவரித்த மருத்துவமனைக் காட்சிக்கு வருகிறேன். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து கிடக்கும் வெள்ளை மாணவன் கெர்ரி பெர்டியரைப் பார்க்க அணியின் கறுப்பினத் தோழன் ஜூலியஸ் வருகிறான். உறவினர் மட்டுமே உள்ளே வரலாம் என்கிறார் செவிலியர். “இவன் என் சகோதரன்” என்கிறான் பெர்டியர். நானும் அங்கே அழுதேன். ஆனால் அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. செவிலியர் உறவு கேட்டார், நிறம் கேட்கவில்லை. தெற்கு மாநிலங்களின் பல மருத்துவமனைகளில் கறுப்பினத்தவருக்குத் தனி வாசல், தனிக் கூடம் இருந்த காலம் அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் முடிந்திருந்தது. 1964இன் குடிமை உரிமைச் சட்டமும், பிரிவினை காட்டும் மருத்துவமனைக்கு அரசுப் பணம் கிடையாது என்று 1966இல் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு வந்த கண்டிப்பும் அதை முடித்து வைத்தன. ஜூலியஸ் அந்தக் கட்டிலருகே வந்து நிற்க வழி திறந்த பிறகுதான் பெர்டியரால் அந்த வார்த்தையைச் சொல்ல முடிந்தது.

கடைசியாக ஒரு பெயர். சமையல் வேலை பார்த்த அந்தத் தாயை நீக்கிய கண்காணிப்பாளர் யார் தெரியுமா? டி.சி. வில்லியம்ஸ். பிரிவினையை விடாமல் காத்த அவருடைய பெயரைத்தான் நகரம் தன் பள்ளிக்குச் சூட்டியிருந்தது. டைட்டன்ஸ் அந்தப் பெயரைத் தாங்கிக்கொண்டுதான் கோப்பையை வென்றார்கள். வென்ற பிறகும் பெயர் இருந்தது. படம் வந்து உலகமே பார்த்த பிறகும் இருந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, மாணவர்களும் ஊர்மக்களும் வற்புறுத்த, பள்ளி வாரியம் கூடி வாக்களித்தது. 2021இல் அது அலெக்சாண்டிரியா நகர உயர்நிலைப் பள்ளி ஆயிற்று. அணியின் பெயர் மட்டும் இன்றும் டைட்டன்ஸ்தான்.

நன்றி, வணக்கம்.