பங்கருக்குள் பிடித்த மூச்சு

வணக்கம். காலை வேளை, சிலர் வயலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருப்பீர்கள், சிலர் பிள்ளைகளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருப்பீர்கள். வேலையை நிறுத்த வேண்டாம், செய்துகொண்டே வானொலியைக் கேளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இப்போது மூச்சு எடுக்கும்போது உங்கள் வயிறு அசைகிறதா, அல்லது கழுத்தடி மட்டும் ஏறி இறங்குகிறதா?

யோகாசனம் என்றால் உடம்பை வளைப்பது என்று நம் ஆட்களுக்கு ஒரு எண்ணம். ஜூன் 21 உலக யோகா தினம், 2015 முதல் நடக்கிறது, அன்றைக்கு ரீவியில் காட்டுவதும் அதைத்தான். ஆனால் யோகத்துக்கு எட்டு அங்கம் சொல்வார்கள். இயமம், நியமம், மூன்றாவதுதான் ஆசனம், நாலாவது மூச்சுப் பயிற்சியான பிராணாயாமம். உடம்பைப் பழக்குவதே அடுத்தடுத்த படிக்குப் போகத்தான். நான் இன்றைக்குக் கதைக்கப்போவது அந்த நாலாவதைப் பற்றி, அதிலும் மூச்சை வெளியே விடுவதைப் பற்றி.

ஏன் விடுவதைப் பற்றி என்றால், வன்னியில் இருக்கிற நாங்கள் மூச்சைப் பிடித்துப் பழகிய சனம். பங்கருக்குள், பதுங்குகுழிக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும். தூரத்தில் ஷெல் ஏவுகிற சத்தம் கேட்டால், அது விழுந்து வெடிக்கும்வரை ஒருவரும் மூச்சு விடமாட்டோம். வெடித்த பிறகும் அரைவாசிதான் விடுவோம், அடுத்தது வருமே. 2009 மே மாதத்தோடு அந்தச் சத்தம் நின்றுவிட்டது, பிடித்த மூச்சு நிற்கவில்லை. கதவு அடித்துச் சாத்தினால், ஐப்பசி கார்த்திகையில் இடி இடித்தால், இன்றைக்கும் நெஞ்சு இறுகி அப்படியே நிற்கிறது. கிளினிக்குக்குப் போய் நெஞ்சு படபடக்குது, நித்திரை இல்லை, நாரி நோ என்று சொல்கிறவர்களில் எத்தனையோ பேருக்கு இதுவும் சேர்ந்துதான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரணைமடுப் பக்கம் ஒரு கிராமம், பொதுநோக்கு மண்டபத்தில் பின்னேரங்களில் பெண்களுக்கு யோகா பழக்கிக்கொண்டிருந்தேன். கச்சான் பிடுங்குகிற காலம், எல்லாருக்கும் நாரி நோ, அவரும் அதற்கென்றுதான் வந்தார். நன்றாகச் செய்வார், சொன்னதை உடனே பிடிப்பார். கடைசியில் சவாசனம், மல்லாந்து கண்ணை மூடிப் படுப்பது, அது வந்தால் மட்டும் எழும்பி இருந்துவிடுவார். நானும் ஒன்றிரண்டு நாள், "படுங்கோ அக்கா, படுங்கோ" என்று வற்புறுத்தினேன். அது என் பிழை, இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. ஒருநாள் அவரே சொன்னார், "ரீச்சர், கண்ணை மூடினால் எனக்குக் காது பெரிசாகிவிடுது." அதற்குப் பிறகு நான் ஒருவரையும் கண்ணை மூடச் சொல்வதில்லை. அவரைச் சுவரில் முதுகைச் சாய்த்து, வாசல் தெரிகிற பக்கமாக இருக்கவிட்டேன். கண் திறந்தபடியே, நாலு எண்ணி மூச்சை எடுக்கிறது, ஆறு எண்ணி விடுகிறது. அவ்வளவுதான். வீட்டிலும் இரவில் பத்து மூச்சு.

ஒரு கிழமையில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மாதத்திலும் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று மாதம் இருக்கும், மாரி தொடங்கிவிட்டது, ஒருநாள் படலையைத் திறந்துகொண்டு வந்தவர் இருக்கக்கூட இல்லை, "ரீச்சர், ராத்திரி இடி இடிச்சதாமே? பிள்ளையள் சொல்லுதுகள். எனக்குத் தெரியாது" என்றார். இடி முழங்கினால் விடியும்வரை பிள்ளைகளை அணைத்துக்கொண்டு குந்தியிருந்த மனிசி. அந்த முகத்தை வானொலியில் எப்படிக் காட்டுவது.

அவருடைய கவலை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. மகன் எங்கே என்று அவருக்கு இன்னும் தெரியாது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட உறவுகளைத் தேடித் தாய்மார் போராட்டம் இருக்கத் தொடங்கினார்களே, அங்கும் போய் இருந்தார். யோகா எதையும் மறக்க வைப்பதற்கு இல்லை, அப்படி யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நித்திரை கொண்டு எழும்பிய உடம்போடு போய்க் கேட்கலாம், அதற்குத்தான்.

சரி, ஆறு எண்ணி விட்டால் என்ன நடக்கிறது? மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பாருங்கள். மூச்சு எடுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரையும், விடும்போது கொஞ்சம் ஆறும். மூளையில் இருந்து இதயத்துக்கும் நுரையீரலுக்கும் குடலுக்கும் போகிற வேகஸ் நரம்பு என்று ஒன்று இருக்கிறது, இதயத்தை ஆறப் பண்ணுவது அதுதான், மூச்சை நீளமாக விடும்போது அதற்கு வேலை கூடும். சும்மா இருக்கும்போது நாங்கள் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தரம் மூச்சு விடுகிறோம். நாலும் ஆறும் பத்து செக்கன், அதாவது நிமிடத்துக்கு ஆறே ஆறு. விடுவது நீளமாக இருக்க வேண்டும், திரும்பவும் சொல்கிறேன், விடுவதுதான் நீளம்.

எண்ணுவது பிடிக்காவிட்டால் ஒரு சொல்லைப் பிடியுங்கள். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் வேலை செய்த மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரில் பாதிக்கப்பட்ட எங்கள் சனத்துக்கு இப்படியான பழைய முறைகள் உதவும் என்று எழுதியிருக்கிறார். சைவர்களுக்கு ஓம் நமசிவாய இருக்கிறது, வேதக்காரர் இயேசுவே இரங்கும் என்று விடலாம், முஸ்லிம் சகோதரர் சுபஹானல்லாஹ் என்று விடலாம். எங்கள் அப்பம்மா விளக்கு வைத்துவிட்டுக் கண்ணகை அம்மனை நினைத்து முணுமுணுத்ததும் இதுதான் என்று எனக்கு வயது போன பிறகுதான் விளங்கியது.

நாரி நோவுக்கான ஆசனங்களையும் சொல்ல நினைத்து வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். காட்டாமல் வாயால் சொல்லவும் கூடாது, தெரிந்த ஒருவரிடம் நேரே பழகுங்கள். அவசரமாக மற்றவை: பிறஷர் உள்ளவர்கள் மூச்சை உள்ளே அடக்கிப் பிடிக்க வேண்டாம், தலைகீழாக நிற்கவும் வேண்டாம். குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகள் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். உடம்பில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிறவர்கள் டொக்டரிடம் எக்ஸ்ரேயைக் காட்டிவிட்டே வளையுங்கள், நிமிருங்கள். செயற்கைக் கால் போட்டவர்கள் கதிரையில் இருந்தே எல்லாம் செய்யலாம், அதை விரிவாகச் சொல்ல இன்றைக்கு முடியாமல் போய்விட்டது. கதிரை மட்டும் ஆடாத மரக்கதிரையாக இருக்கட்டும், சுவரோடு ஒட்டிப் போடுங்கள். வணக்கம்.