சுவர் எத்தனை சென்டிமீட்டர்?

கரோல் பாகிலிருந்தும் மயூர் விஹாரிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் நிரல் எழுதுவதைத் தொடங்கச் சொல்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. உடனே ஒரு ரோபோப் பெட்டி வாங்குகிறோம். வீடியோவைப் பார்த்துப் பிள்ளை பூட்டுகிறது, ரோபோ ஓடுகிறது, மறுவாரம் பரணுக்குப் போகிறது. முதல் தடவையே ஓடிவிட்டதுதான் கோளாறு.

தூரம் அளக்கும் ஒரே ஒரு சென்சார் போதும். தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே லஜபத் ராய் மார்க்கெட்டில் எச்.சி.எஸ்.ஆர்.04 என்று கேளுங்கள். இரண்டு கண் வைத்த சின்னப் பலகை. கூட, நிரலை ஏற்றி ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ என்ற பலகை ஒன்று, நான்கு ஒயர். ஒரு கண் காதுக்கு எட்டாத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும். சுவரில் பட்டுத் திரும்புவதை மறுகண் வாங்கும். போய்வந்த நேரத்தை மைக்ரோ வினாடியில் எண்ணி, 0.0343 ஆல் பெருக்கினால் சென்டிமீட்டர். 20 டிகிரிக் காற்றில் ஒலி ஒரு மைக்ரோ வினாடியில் போகும் தூரம் அது.

இங்கே முதல் தப்பு நடக்கும். நடக்கட்டும். டேப்பில் 50 இருக்கும், திரையில் 100 வரும். போனதும் வந்ததும் சேர்ந்த கணக்கு அது, இரண்டால் வகுக்கவில்லை. சொல்லிவிடாதீர்கள். 10, 20, 30 என அளந்து நோட்டில் எழுதட்டும். எல்லாம் இரட்டிப்பாக இருப்பது தானே கண்ணில் படும். சுவருக்குப் பதில் திரைச்சீலை என்றால் அளவு தாறுமாறாகும், துணி ஒலியை விழுங்கும். எதிரே ஓர் அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் ஒலி வேறு பக்கம் தெறிக்கும்.

ஒரே ஒரு தப்பைப் பெரியவர்கள் தடுக்க வேண்டும். ஆர்டுயினோவுக்குப் பதில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை வாங்கியிருந்தால், சென்சாரின் எக்கோ முனையில் வரும் 5 வோல்ட்டை அதில் நேரே கொடுக்கக்கூடாது. அது தாங்குவது 3.3. வோல்ட்டைக் குறைக்க நடுவே இரண்டு ரெசிஸ்டர் வேண்டும்.

அப்புறம், நம் தில்லிக்கென்று ஒரு வசதி. சென்னையில் இது இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது! மொட்டை மாடியில் சரியாக ஒரு மீட்டர் தூரத்தை, ஜனவரியில் 5 டிகிரிக் காலையில் அளந்து பாருங்கள், 102.6 அருகே வரும். ஜூனில் 35 டிகிரி மாலையில் 97.3 அருகே. சுவர் நகரவில்லை. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகிறது. ஒலியின் வேகம் வினாடிக்கு 331.3 மீட்டர், அதோடு செல்சியஸ் வெப்பநிலையின் 0.606 மடங்கு. இந்த ஒரு வரியை நிரலில் சேர்க்கப் பிள்ளைக்கு ஒரு வாரமாவது ஆகும். அந்த வாரம் யூடியூபைத் திறந்து காட்டிவிடாதீர்கள்.