எந்தச் செர்ரி மரம்?

(ஹட்டனில் நடந்த வாசகர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், பாடசாலையிலிருந்து நேரே வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

காட்டுச் செர்ரி மரத்தின் பயன்களைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். எந்தச் செர்ரி என்று கேட்டேன். செர்ரி என்றால் செர்ரிதானே என்றார்கள். இல்லை. அந்த ஒரு பெயருக்குள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மரங்களும் இருக்கின்றன. உறவு இருந்தும் குணம் வேறான மரங்களும் இருக்கின்றன. ஒன்றின் பட்டையை இருமல் மருந்தில் சேர்த்தார்கள். அதே மரத்தின் வாடிய இலையைத் தின்றால் ஆடு செத்துப்போகும். ஆகவே பெயரைத் தெளிவாக்காமல் பயனைப் பற்றிப் பேச முடியாது. இன்று இரண்டையும் சேர்த்தே பேசப்போகிறேன்.

நம் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். கண்டி, மாத்தளைப் பக்கம் வீதியோரங்களில் ஜாம் மரம் நிற்கும். சிறிய சிவப்புப் பழம், வாயில் போட்டால் இனிக்கும், உள்ளே மணல்போல் விதை. அதற்கு ஆங்கிலத்தில் ஜமைக்கா செர்ரி, சிங்கப்பூர் செர்ரி என்றெல்லாம் பெயர். அதன் சொந்த ஊர் சிங்கப்பூர் இல்லை. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. செர்ரிக் குடும்பத்தோடு அதற்கு எந்தச் சொந்தமும் கிடையாது.

அடுத்தது மகிழ மரம். கோவில் வாசலில் பூ உதிர்த்து நிற்கும் அதே மகிழம். சிங்களத்தில் மூணமல். அதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ஸ்பானிஷ் செர்ரி! பழம் சிறிதாக, செம்மஞ்சளாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதன் அறிவியல் பெயரைப் பாருங்கள்: மிமுசாப்ஸ் இலெங்கி. அந்த இலெங்கி எங்கிருந்து வந்தது? இலஞ்சி என்ற நம்முடைய சொல். மலையாளத்திலும் இலஞ்சிதான். 17ஆம் நூற்றாண்டில் கேரளக் கரையின் தாவரங்களை ஒல்லாந்தர் தொகுத்த பெருநூலின் வழியாக அது, தாவரங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸிடம் போய்ச் சேர்ந்தது. மரத்தோடு வாழ்ந்தவர்கள் சொன்ன பெயர் உலகம் முழுவதற்கும் நிலைத்துவிட்டது. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தேயிலைக்கு முன்னால் இந்த மலைகளில் கோப்பி இருந்தது. செடியில் சிவந்து பழுத்த கோப்பிப்பழத்தைக் கோப்பி வியாபாரத்தில் இன்றும் செர்ரி என்றுதான் சொல்கிறார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோர் இந்த மண்ணில் பறித்தது அந்தச் செர்ரியைத்தான். 1869இல் இலைத்துரு நோய் வந்தது. அடுத்த இருபது வருடங்களுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. அப்புறம் எல்லாம் தேயிலை.

சரி, உண்மையான செர்ரிக்கு வருவோம். ரோஜாக் குடும்பத்தில் புரூனஸ் என்று ஓர் இனம். பீச், பிளம்ஸ், பாதாம், அப்ரிகாட், செர்ரி எல்லாம் அதற்குள் அடக்கம். நுவரெலியாவில் பீச் மரம் பார்த்தவர்கள் செர்ரியின் பங்காளியைப் பார்த்தாயிற்று. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் காட்டில் தானாக வளரும் செர்ரிக்கு புரூனஸ் ஏவியம் என்று பெயர். ஏவியம் என்றால் பறவைகளுடையது. நாம் கடையில் பார்க்கும் இனிப்புச் செர்ரிகளுக்கெல்லாம் தாய் மரம் அதுதான். இங்கேயே ஒரு சிக்கல் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் பறவைச் செர்ரி என்று சொல்வது இந்த மரத்தை அல்ல, புரூனஸ் பேடஸ் என்ற வேறொரு மரத்தை. லத்தீனில் பறவை ஒரு மரத்தில் இருக்கிறது, ஆங்கிலத்தில் இன்னொரு மரத்தில் இருக்கிறது.

செர்ரி என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. கருங்கடல் ஓரம், இன்றைய துருக்கியில், கிரேசுன் என்று ஒரு நகரம். பழைய பெயர் கெராசஸ். கி.மு. 74ஆம் ஆண்டளவில் லுக்குல்லஸ் என்ற ரோமானியத் தளபதி அந்தப் பக்கத்துப் போரில் வென்று செர்ரியை ரோமுக்குக் கொண்டுவந்தான் என்று பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதிவைத்தார். அவன் கொண்டுவந்தது நல்ல பயிர்வகையாக இருக்கலாம். காட்டு மரம் அதற்கு வெகுகாலம் முன்பே ஐரோப்பாவில் இருந்தது; வெண்கலக் காலக் குடியிருப்புகளைத் தோண்டும்போது செர்ரிக் கொட்டைகள் கிடைத்திருக்கின்றன. அரசன், தளபதி பெயரில் கதை நிற்கும்; பழம் பொறுக்கித் தின்றவர்களின் கொட்டைதான் சாட்சி சொல்லும். லத்தீனில் செராசஸ், பிரெஞ்சில் செரீஸ். அந்தக் கடைசி ‘ஸ்’ ஒலியைப் பன்மை விகுதி என்று எண்ணி ஆங்கிலேயர் வெட்டிவிட்டார்கள், செர்ரி மிஞ்சியது. நம் அகராதிகளில் சேலாப்பழம் என்றும் ஒரு சொல் இருக்கிறது. ஆனால் எந்தக் கடையிலும் அப்படிக் கேட்டு யாரும் வாங்குவதில்லை.

இந்தக் காட்டுச் செர்ரியால் என்ன பயன்? முதலில் மரம். வெட்டிய புதிதில் வெளிறிய செம்பழுப்பு. வெளிச்சம் பட்டுப்பட்டு நாளாக நாளாக நிறம் ஆழமாகும். தளவாடம், கடைசல் வேலை, புகைக்குழாய், இசைக்கருவி எல்லாவற்றுக்கும் விரும்பி எடுப்பார்கள். தச்சு வேலை செய்பவர்கள் இங்கே இருப்பதால் சொல்கிறேன்: வயது ஏற ஏற உள்ளே இற்றுப்போகும் மரம் இது. அதனால் மற்ற பெருமரங்களைப்போல் நூற்றாண்டுக் கணக்கில் விட்டுவைக்காமல் 60, 70 வயதளவில் வெட்டிவிடுவார்கள். பட்டையில் காயம் பட்டால் பிசின் வடியும். கருவேலம்பிசின் தண்ணீரில் கரைந்துவிடும். செர்ரிப் பிசின் முழுக்கக் கரையாமல் ஊதிப் பருக்கும். ஐரோப்பியக் கிராமத்துப் பிள்ளைகள் அதை மென்றிருக்கிறார்கள். பழக்காம்பைக் காயவைத்து நீர் பிரிவதற்குக் கஷாயம் வைத்தார்கள். பழத்தைப் புளிக்கவைத்து வடித்த கிர்ஷ் என்ற மதுவுக்கு ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியும் சுவிட்சர்லாந்தும் பேர்போனவை.

ஒட்டுக்கட்டுவதும் முக்கியமான பயன். காட்டு மரத்தின் நாற்றை அடிமரமாக வைத்து, அதன்மேல் நல்ல இனிப்பு வகையின் குருத்தை ஒட்டுவார்கள். வேர் காட்டினுடையது, பழம் தோட்டத்தினுடையது. வெலிமடையிலும் பண்டாரவளையிலும் பேரி மரம் வளர்ப்பவர்களுக்கு இந்த முறையை நான் விளக்கத் தேவையில்லை.

இனி மருந்து. வட அமெரிக்காவில் கருஞ்செர்ரி என்றொரு பெருமரம் உண்டு, புரூனஸ் செரொட்டினா. அங்கத்தைய பழங்குடி மக்கள் அதன் பட்டையை இருமலுக்கும் சளிக்கும் பயன்படுத்தினார்கள். அவர்களிடமிருந்து வெள்ளைக்கார வைத்தியர்கள் கற்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பட்டை அமெரிக்காவின் அதிகாரபூர்வ மருந்து நூலில் ஏறியது. என்ன பெயரில் ஏறியது தெரியுமா? புரூனஸ் வெர்ஜினியானா. ஆனால் தாவரவியலில் புரூனஸ் வெர்ஜினியானா என்பது இன்னொரு செர்ரி, வாய் துவர்க்கும் பழம் கொண்ட சிறு மரம். மருந்துக்கடைக்காரருக்கு ஒரு மரம், தாவரவியலாளருக்கு வேறு மரம், பெயர் மட்டும் ஒன்று. படித்தவர்கள் அச்சடித்த நூலிலேயே இது நடந்தது. அப்படியிருக்க, இன்று யாரோ கைப்பேசியில் அனுப்பும் ‘செர்ரிப் பட்டைக் கஷாயம்’ குறிப்பை எந்த நம்பிக்கையில் அடுப்பில் ஏற்றுவது?

இந்தக் குழப்பம் நம் வீட்டுக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆயுர்வேத நூல்களில் பத்மகம் என்று ஒரு மரம் வரும். அது இமயமலைச் செர்ரி, புரூனஸ் செரசாய்டிஸ். கேரளத்தில் தண்ணீரைக் காய்ச்சும்போது இளஞ்சிவப்பு நிறத்துக்குப் பதிமுகம் என்று ஒரு சீவல் போடுவார்கள். அது சப்பங்கி மரம், நம் நாட்டில் பதங்கி என்கிறார்கள். பதிமுகம் அவரைக் குடும்பம், பத்மகம் ரோஜாக் குடும்பம். பெயரின் ஒலி நெருக்கமாக இருப்பதால் ஒன்றுக்காக மற்றொன்றைக் கொடுக்கிற நிலை.

இப்போது நஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். லயத்துக்குப் பின்னால் ஆடு, மாடு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். செர்ரி மரங்களின் இலையிலும் பட்டையிலும் கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலும் சயனைட்டை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பச்சை இலையில் அந்தப் பொருளும் அதை உடைக்கும் நொதியும் தனித்தனியாக இருக்கும். இலை நசுங்கினாலோ வாடினாலோ இரண்டும் கலந்து நஞ்சு வெளிப்படும். காற்றில் முறிந்து விழுந்து வாடிக்கிடக்கும் கிளை மரத்தில் இருக்கும் இலையைவிட ஆபத்தானது என்பது அதனால்தான். உடம்பின் செல்கள் ஒட்சிசனைப் பயன்படுத்த முடியாதபடி அது தடுத்துவிடும். அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

இது நமக்குப் புதிதில்லை. மரவள்ளிக்கிழங்கு அவிக்கும்போது மூடியைத் திறந்துவைக்கச் சொல்லும் அம்மாமார் இதே நஞ்சின் குடும்பத்தைத்தான் விரட்டுகிறார்கள். மரவள்ளியோடு இஞ்சி சேரக்கூடாது என்று இந்த நாடு முழுவதும் சொல்வார்கள். அந்த விலக்கின் பின்னாலும் மரவள்ளி சில நேரம் கொல்லும் என்ற அனுபவம் இருக்கிறது. செர்ரியின் சதைப் பழத்தைத் தின்னலாம். கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்னக்கூடாது. கசப்புப் பாதாம் வாசனை வந்தால் அது அழகான வாசனைதான், ஆனால் எச்சரிக்கையும் அதுவே.

இமயமலைச் செர்ரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை, எனக்குப் பிடித்த மரம் அது. மற்ற செர்ரிகள் வசந்தத்தில் பூக்கும்போது இது ஒக்டோபருக்குப் பிறகு, குளிர் தொடங்கும் நேரத்தில் பூக்கும். வேறு பூ குறைந்த அந்தக் காலத்தில் தேனீக்களுக்கு அது பெரிய ஆதாரம். உத்தரகாண்டிலும் நேபாளத்திலும் அதன் கொப்பைச் சடங்குகளுக்கு வைப்பார்கள், தடியை ஊன்றுகோலாக்குவார்கள், கொட்டையைக் கோத்து மாலையாக்குவார்கள். வட தாய்லாந்தில் சியாங் மாய் பல்கலைக்கழகத்தின் காடு மீட்பு ஆராய்ச்சிப் பிரிவு, வெட்டவெளியான மலைச்சரிவுகளில் நடும் உள்ளூர் மரங்களில் இதையும் சேர்த்தது. வேகமாக வளர்கிறது, சில ஆண்டுகளிலேயே பூத்துக் காய்க்கிறது, பழம் தின்ன வரும் பறவைகள் வேறு விதைகளைக் கொண்டுவந்து போடுகின்றன, காடு தானாகத் திரும்பத் தொடங்குகிறது. அந்த மரம் அங்கே உள்ளூர் மரம் என்பதை மறக்கக்கூடாது. நம் சரிவுகளுக்கு அதையே கொண்டுவந்து நட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதே வேலையைச் செய்யக்கூடிய நம்முடைய மரங்களைத் தேட வேண்டும் என்பேன்.

இருக்கின்றனவா? இருக்கின்றன. புரூனஸ் இனத்தில் நம் நாட்டுக் காட்டு மரங்களே உண்டு. ஒன்று புரூனஸ் செய்லானிக்கா, இன்னொன்று புரூனஸ் வாக்கெரி. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த நாட்டில் செடிகொடி சேகரித்த வாக்கர் தம்பதியின் பெயர் அது; அன்னா மரியா வாக்கர் நல்ல தாவர ஓவியரும்கூட. இந்த வகை மரங்களை முன்பு பைஜியம் என்ற தனி இனமாக வைத்திருந்தார்கள். 1965இல் கால்க்மன் என்ற ஆய்வாளர் புரூனஸோடு சேர்த்தார். ஆபிரிக்க மலைகளில் இதன் உறவு மரம் ஒன்று இருக்கிறது, புரூனஸ் ஆபிரிக்கானா. ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கு மருந்தென்று அதன் பட்டையைக் கண்டபடி உரித்து மரங்கள் செத்ததால், 1995இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. பயன் தெரிந்ததே அந்த மரத்துக்கு வினையாகிவிட்டது.

பேச்சு முடிந்ததும் இரண்டு கேள்விகள் வந்தன, அவற்றையும் எழுதிவிடுகிறேன்.

தம்பி ஒருவர், நுவரெலியாவில் இனிப்புச் செர்ரி காய்க்குமா என்று கேட்டார். கடினம். அந்த மரத்துக்குத் தொடர்ச்சியான குளிர் உறக்கம் வேண்டும், சுமார் 7 பாகைக்குக் கீழே நூற்றுக்கணக்கான மணிநேரம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி விடியற்காலையில் உறைபனியும் விழுகிறது. ஆனால் பத்து மணிக்கு வெயில் வந்துவிடுகிறது. மரம் தூங்கப்போகும்போதே எழுப்பிவிட்டால் ஒழுங்காகப் பூக்காது. பீச்சில் குறைந்த குளிருக்குப் பழகிய வகைகள் இருப்பதால்தான் அது இங்கே காய்க்கிறது.

அம்மா ஒருவர், மலைக்கு மேலே காட்டோரத்தில் விறகு பொறுக்கும்போது பார்க்கும் மரங்களுக்குப் பெயர் தெரியாவிட்டால் யாரிடம் கேட்பது என்றார். நல்ல கேள்வி. இலை, பூ, காய் மூன்றும் உள்ள சிறு கொப்பாகப் பாருங்கள். காப்புக்காட்டுக்குள் எதையும் ஒடிக்கக்கூடாது, அங்கே படம் மட்டும் எடுங்கள். வெளியே கிடைத்தால் பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில் வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள். தாளைத் தினமும் மாற்றினால் பூஞ்சணம் பிடிக்காது. எந்தத் தோட்டம், எந்த மலை, எந்தத் தேதி என்று எழுதுங்கள். இலைக்காம்பில் சிறு முடிச்சுபோல் சுரப்பிகள் இருக்கின்றனவா, நசுக்கினால் என்ன மணம் என்பதையும் குறியுங்கள். நீங்கள் தமிழில் சொல்லும் பெயர், பக்கத்துச் சிங்கள வீட்டார் சொல்லும் பெயர் இரண்டையும் எழுதுங்கள், பெயர் தெரியாவிட்டால் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையாவது எழுதுங்கள். பேராதனைப் பூங்காவில் தேசிய உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. அங்கே காட்டி ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். அடுத்த சந்திப்புக்கு யாராவது ஒரு கொப்பு கொண்டுவந்தால் முதலில் நாமே உட்கார்ந்து பார்ப்போம்.