பன்னிரண்டாம் அதிகாரத்தின் மிச்சம்

நேயர்களுக்கு வணக்கம். முதுமையும் கிறிஸ்தவ நம்பிக்கையும் பற்றிப் பேச வரமுடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டபோது, முட்டியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஒலிப்பதிவு அறை மாடியில் அல்லவா இருக்கிறது.

"உன் வாலிபப்பிராயத்தில் உன் சிருஷ்டிகரை நினை." ஓய்வுநாள் பள்ளிக்குப் போன யாருக்கும் இந்த வசனம் தெரியும். வேதாகமத்தில் பிரசங்கி என்ற புத்தகம், 12-ஆம் அதிகாரத்தின் ஆரம்பம். ஒப்பித்தோம், பரிசு வாங்கினோம், அதோடு சரி, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? கீழே இருப்பதெல்லாம் நம்மைப் பற்றித்தான். அரைக்கிறவர்கள் கொஞ்சமாகி ஓய்ந்துபோவார்களாம், அது பல். பலகணி வழியாகப் பார்க்கிறவர்கள் இருண்டுபோவார்களாம், அது கண்புரை. வாதுமை மரம் பூக்குமாம், அது நரை. குருவி சத்தத்துக்கே விழிப்பு வந்துவிடுமாம். விடியற்காலை மூன்றரைக்கு முழித்துக்கொண்டு, லைட் போட்டால் மருமகள் எழுந்துவிடுவாளே என்று இருட்டில் உட்கார்ந்திருக்கிற நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேட்டைக் கண்டால் அச்சமாம், வழியில் பயமாம். டவுன் பஸ் படியைப் பார்த்துத்தான் எழுதினாரோ என்னவோ!

எதற்குச் சொல்கிறேன் என்றால், வேதம் முதுமைக்குப் பவுடர் பூசிக் காட்டவில்லை. பூசுகிறவர்கள் நாம்தான். படுத்திருப்பவரைப் பார்க்க வந்துவிட்டு, விசுவாசம் இருந்தால் எழுந்து நடந்துவிடுவீர்கள் பாட்டி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் போன பிறகு அந்தப் பாட்டி மேலே பார்த்துக்கொண்டு, அப்போ எனக்கு விசுவாசம் போதவில்லையோ என்று யோசித்துக் கிடப்பாள். எனக்கு இதில் கோபம் உண்டு.

திருநெல்வேலிப் பக்கத்தார் அறிந்த பெயர், டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்தில் பிறந்து இங்கே வந்து, அபாயத்திலிருந்து மீட்ட குழந்தைகளை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். பொழுது சாய்ந்த நேரம், தோண்டிப் போட்டிருந்த குழி கண்ணில் படவில்லை, விழுந்து கால் முறிந்தது. அப்போது வயது 63. விழுவதுதானே நமக்கெல்லாம் பெரிய பயம்? குளியலறையில் வழுக்கிவிடக் கூடாதே என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். அவர் விழுந்தார், அதற்குப் பிறகு பழையபடி நடமாடவே முடியவில்லை. 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அந்த அறைதான், அந்தக் கட்டில்தான். ஜெபம் குறைச்சலா? அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கு ஜெபம்தான் மூச்சே. வலி போகவில்லை. ஆனால் படுக்கையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார், அதில் ஒன்று நோயாளி நோயாளிகளுக்கென்றே எழுதியது. ஏனென்றால் சுகமாக இருப்பவர்கள் அனுப்புகிற ஆறுதல் படுத்திருப்பவர்களுக்கு ஒட்டுவதில்லை என்று அவருக்குப் பட்டிருந்தது. சொன்னேன் அல்லவா!

அவரைப் பார்த்துக்கொண்டது யார்? அவர் வளர்த்த பெண்கள்தான். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் வீட்டில் கேட்டுச் சலித்துவிட்டார்கள். நம்மில் பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே ஜெபம்: யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது, கை கால் நன்றாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நியாயமான ஆசைதான், ஆனால் ஏசாயா 46-ல் ஆண்டவர் சொல்வது அது இல்லை. "நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்" என்கிறார். நீ பாரமாக மாட்டாய் என்று சொல்லவில்லை, பாரத்தைச் சுமப்பேன் என்கிறார். சுமக்கிறவர் கூச்சப்படாதபோது, சுமக்கப்படுகிற நமக்கு என்ன கூச்சம்?

எங்கள் சபையில் ஐயர், அதாவது போதகர், கோயிலுக்கு வரமுடியாதவர்களுக்குத் திருவிருந்தின் அப்பத்தையும் திராட்சரசத்தையும் வீட்டுக்கே கொண்டுபோவார். ஒரு ஸ்டூல், அதன்மேல் வெள்ளைத் துணி, ஒரு சின்னப் பெட்டிக்குள் கிண்ணமும் தட்டும். பல்லில்லாத ஒரு தாத்தாவுக்கு அப்பத்தைத் திராட்சரசத்தில் நனைத்து நாக்கில் வைத்தார், தாத்தா வெகுநேரம் மென்றார். எல்லோரும் காத்திருந்தோம். அவசரப்படுத்தாமல் ஐயரும் நின்றார். பெரிய பிரசங்கங்களைவிட அந்தக் காத்திருப்பு எனக்கு அதிகம் சொன்னது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி விரலைக் காட்டுகிறார், நேரம் ஆயிற்றாம். வேதத்தில் வருகிற காலேப் என்ற பெரியவரைப் பற்றிப் பாதி நேரம் பேசலாம் என்றுதான் குறித்து வந்தேன், சரி, ஒரு வரியில். 85 வயதில் இஸ்ரவேலரின் தலைவர் யோசுவாவிடம் போய், "இந்த மலைநாட்டை எனக்குத் தாரும்" என்று கேட்டவர், நாற்காலி கேட்கவில்லை. சபை ஆண்டுவிழாவில் நமக்குச் சால்வை போட்டு உட்காரவைக்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். யோசுவா 14. கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள், அவனுக்கும் தமிழ் வாசித்த மாதிரி இருக்கும். வணக்கம்.