அறுவடைக் காலத்துக் கண்களும் இமைகளும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரங்களில் கண் மருத்துவரைத் தேடி வருவோரிடம் நாங்கள் அதிகம் கேட்பது "கண்ணு உறுத்துது டாக்டர்" என்ற ஒரே முறையீடுதான். உறுத்தலோடு சிவப்பும் நீர்வடிதலும் இருக்கும். ஆனால் அந்த உறுத்தல் இமையில் பிறந்திருக்கலாம், வெள்ளை விழியைப் போர்த்திய மெல்லிய சவ்வில் பிறந்திருக்கலாம், கருவிழியிலேயே பிறந்திருக்கலாம். முதல் இரண்டும் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கக்கூடியவை. மூன்றாவதோ பார்வையையே கொண்டுபோகக்கூடியது. எது எங்கே பிறந்தது என்று பாராமல், அலமாரியில் கிடக்கும் ஏதோவொரு சொட்டு மருந்தை விட்டுக்கொள்வதைத் தடுப்பதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

இமையிலிருந்து தொடங்குவோம். இமை விளிம்பில் முடி முளைக்கும் இடத்தை ஒட்டிச் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் கிருமி புகுந்து சீழ் கட்டுவதையே கண்கட்டி என்கிறோம். தொட்டால் வலிக்கும், சிவந்திருக்கும், ஓரிரு நாளில் மஞ்சளாக முனை கட்டும். சுத்தமான துணியை, கை பொறுக்கும் அளவு வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமையின் மேல் பத்து நிமிடம் வைத்து, ஒரு நாளில் மூன்று நான்கு முறை ஒற்றடம் கொடுத்தாலே பெரும்பாலான கட்டிகள் தாமாக உடைந்து வடிந்துவிடும். நகத்தால் கிள்ளுவதும் பிதுக்குவதும் கூடாது. அப்படிச் செய்தால் கிருமி இமையின் ஆழத்துக்கும் பரவக்கூடும். ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று என்று அடிக்கடி வந்தால், கட்டிக்கு மருந்து கேட்பதோடு நில்லாமல் இரத்தத்தில் சர்க்கரையின் அளவையும் பார்த்துவிடுங்கள்.

வலியே இல்லாமல், இமைக்குள் பட்டாணிபோல் உருளும் கட்டி வேறு வகை. எண்ணெய்ச் சுரப்பியின் வாய் அடைபட்டு, உள்ளே தேங்கியதால் வருவது அது. அதற்கும் முதல் வைத்தியம் வெந்நீர் ஒற்றடம்தான். வாரக்கணக்கில் கரையாவிட்டால், மரத்துப்போக ஊசி போட்டு, இமையின் உட்புறமாகச் சிறிது கீறிச் சுரண்டி எடுத்துவிடலாம். வெளியே தழும்பு தெரியாது. வயதானவர்களுக்கு எடுத்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் கட்டி வந்து, அவ்விடத்தில் இமைமுடியும் உதிர்ந்தால், அந்தச் சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆகவேண்டும், ஏனெனில் இமைப் புற்றுநோய் இப்படி வேடமிட்டு வருவதுண்டு. தலையில் பொடுகு உள்ள பலருக்கு இமைமுடியின் அடியிலும் செதில் படிந்து, காலையில் எழும்போது விளிம்பு ஒட்டிக்கொண்டு அரிக்கும். ஒற்றடத்துக்குப் பின் விளிம்பை நாள்தோறும் மென்மையாகத் துடைத்துத் தூய்மை செய்வதே இதற்கு முக்கியமான மருந்து.

வயல்வெளியை ஒட்டிய வீடுகளில் இன்னொன்றையும் பார்க்கிறோம். சிவப்பும் கருப்பும் கலந்த, எறும்பின் சாயலுள்ள ஒரு சிறு வண்டு இரவில் விளக்கு வெளிச்சத்தை நாடி வரும். முகத்தில் ஊர்வதைத் தூக்கத்தில் நசுக்கிவிட்டால், அதன் உடல்நீர் பட்ட இடம் ஒரு நாள் கழித்து வெந்ததுபோல் எரியும். அந்தக் கை இமையில் பட்டால் கண் திறக்க முடியாதபடி வீங்கும். வண்டை நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இமை வீங்கினால் மருத்துவரைப் பாருங்கள்.

கண்வலி எனப்படும் மெட்ராஸ் ஐ பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறும். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது வெறும் பேச்சு. கையும் துண்டும் தலையணையும்தான் அதைப் பரப்புகின்றன. பீளை குறைந்த பிறகும் பார்வை மங்கலாக இருந்தால் காட்டவேண்டும். கண் சிவப்போடு கடுமையான தலைவலியும் வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால், அது கண்வலி அன்று. கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம். அன்றிரவே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

இனி கருவிழி. கதிர் அறுக்கும்போது தாளின் நுனி குத்துவது, அறுவடை இயந்திரத்தின் பின்னால் பறக்கும் தூசி, கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும்போது தெறிக்கும் கருக்காய், இவற்றில் ஏதேனும் ஒன்று கண்ணில் விழுந்து கருவிழியில் கீறல் உண்டாகிறது. கீறல் சிறியதுதான். மேல் இமையைத் திருப்பிப் பார்த்தால், உமியின் ஒரு துணுக்கு உட்புறத்தில் ஒட்டியிருந்து, ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கருவிழியை உராய்வது தெரியும். சாயம் தொட்டு வைத்து நீல ஒளியில் நோக்கினால், மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் பச்சையாக ஒளிரும். அந்தக் கோடுகளின் வழியேதான் தாளிலும் மண்ணிலும் வாழும் பூஞ்சைக் காளான் உள்ளே நுழைகிறது.

கிராமங்களில் இந்தத் தூசியை நாக்கால் எடுப்பவர்களும், தாய்ப்பால் விடுபவர்களும், விளக்கெண்ணெய் இடுபவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காயம்பட்ட கருவிழியின் மேல் இவை ஒவ்வொன்றும் புதிய கிருமியைக் கொண்டுவந்து வைக்கின்றன. சுத்தமான நீரால் கழுவுங்கள், கசக்காதீர்கள், அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் போங்கள். நேபாளத்தின் பக்தபூரில் கிராம சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு நடத்தி, 2001இல் வெளியிட்ட ஆய்வில், கீறல் விழுந்த உடனே ஆன்டிபயாடிக் கண் களிம்பைத் தினம் மூன்று வேளை மூன்று நாட்கள் இட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கருவிழிப் புண் வராமல் தப்பினார்கள். விலை குறைந்த ஒரு களிம்பு, சரியான நாளில் இட்டால், செய்யும் வேலை இது.

நாள் தவறினால், கருவிழியில் சாம்பல் வெள்ளையாக, விளிம்பு இறகுபோல் பிசிறிய ஒரு புண் தோன்றும். அதைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துப் பூஞ்சை என்று உறுதி செய்தபின், நாட்டமைசின் 5 சதவீதச் சொட்டு மருந்தைத் தொடக்கத்தில் மணிக்கொரு முறை விடவேண்டியிருக்கும், வாரக்கணக்கில் தொடரவேண்டும், புட்டியை ஒவ்வொரு முறையும் குலுக்கவேண்டும். இத்தனைக்குப் பிறகும் கண்ணில் பூ விழுந்துவிடுவதுண்டு. அது பார்வையின் நடுவே விழுந்தால், பிறர் தானம் செய்த கருவிழியை மாற்றிப் பொருத்துவது வரை போகும். மருந்துக்கடையில் "கண் சிவப்புக்கு ஒன்று கொடுங்கள்" என்று வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்துதான் இங்கே பெரிய எதிரி: சிவப்பையும் வலியையும் இரண்டே நாளில் குறைத்துக் குணமானதாகக் காட்டிவிட்டு, உள்ளே பூஞ்சைக்கு வழிவிடுகிறது.

தஞ்சை மண்ணுக்குக் கண் மருத்துவம் புதிதன்று. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகாலில் கண்நோய்க்குச் சிகிச்சை அளிக்கச் செய்தார். அந்த நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், அவர்களுடைய கண்களின் ஓவியங்களோடு சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அவ்வளவு விரிவாக நீங்கள் எழுதவேண்டாம். கண்ணில் என்ன பட்டது, எந்த நாள், அதன்பின் என்னென்ன விட்டீர்கள் என்ற மூன்றை மறைக்காமல் சொன்னால் போதும். எண்ணெய் விட்டதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். கையோடு அந்தப் புட்டியையும் எடுத்து வாருங்கள்.

வயலில் வேலை செய்வோர் பக்கமும் மூடிய கண்ணாடி அணியலாம். வியர்வையில் மங்கிவிடுகிறது என்ற குறை நியாயமானதே, ஆயினும் தூற்றும் நேரத்திலாவது போட்டுக்கொள்ளுங்கள். சொட்டு மருந்து விடும்போது கீழ் இமையை இழுத்து அந்தப் பைக்குள் ஒரே ஒரு சொட்டு விட்டால் போதும். புட்டியின் முனை இமைமுடியில் படக்கூடாது. இரண்டு மருந்துகள் இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். திறந்து ஒரு மாதம் ஆன புட்டியில் மருந்து மீதம் இருந்தாலும், அதை அடுத்த அறுவடைக்கென்று எடுத்து வைக்காமல் எறிந்துவிடுங்கள்.

வணக்கம்.