மிளகுத் தோட்டத்து ஏணி

நேயர்களுக்கு வணக்கம். டி.என்.ஏ.வின் குறுந்துண்டுகள் மின்புலத்தில் எவ்வாறு நகர்கின்றன என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பல ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கும் வேலை.

டி.என்.ஏ. இழையிலுள்ள ஒவ்வொரு பாஸ்பேட்டும் எதிர்மின்சுமை உடையது. ஆகவே மின்சாரம் பாய்ச்சினால் இழை நேர்முனையை நோக்கி ஓடும். நீளமான துண்டில் மின்சுமை அதிகம் என்பதால் அதுவே முந்தும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் வெறும் உப்புக்கரைசலில், டி.என்.ஏ.வின் நீளத்தை எண்ணும் அலகான கார இணைகளில் சில நூறைத் தாண்டிய துண்டுகள் யாவும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் செல்கின்றன. சேலம் ஜங்ஷனில் நாம் பார்க்கும் ரயிலை முன்னால் ஓர் எஞ்சின் இழுக்கிறது. பெட்டி கூடினால் அதற்குப் பளு கூடும். பெட்டிதோறும் ஓர் எஞ்சினைப் பூட்டிவிட்டால், பத்துப் பெட்டி வண்டியும் இருபது பெட்டி வண்டியும் சேர்ந்தே போகும். டி.என்.ஏ. இந்த இரண்டாவது வகை வண்டி. மாணவர்கள் தடுமாறும் இடம் இது என்பதால் மறுபடியும் சொல்கிறேன்: நீளம் கூடினால் இழுவிசையும் கூடுகிறது, நீரின் உராய்வும் அதே அளவில் கூடுகிறது. நீளத்தைப் பிரித்துக் காட்டுவது மின்சாரம் அன்று, ஜெல்தான்.

ஜெல் என்பது நுங்குபோல் வழுவழுப்பாக இருந்தாலும், உள்ளே நுண்துளைகள் நிறைந்த வலை. என் முதல் கணக்கில் டி.என்.ஏ. துண்டை ஓர் உருண்டையாக வைத்துக்கொண்டு, அது நுழையத்தக்க துளைகள் எத்தனை என்று எண்ணினேன். மிகச் சிறிய துளைகள் கொண்ட பாலிஅக்ரிலமைடு என்னும் ஜெல்லில் அந்த உருண்டை நுழையவே முடியாது என்று கணக்கு சொன்னது. ஆய்வகத்திலோ துண்டுகள் தடையின்றி ஓடிக்கொண்டிருந்தன.

அந்த வாரம் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் இருந்தேன். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகைப் பறிப்பதற்காக, ஒருவர் நீண்ட மூங்கில் ஏணியைத் தோளில் சுமந்து காப்பிச் செடிகளுக்கிடையே வந்தார். முனை ஒரு கிளையில் முட்டியது. அரையடி பின்வாங்கினார், முனையைச் சற்றே தாழ்த்தினார், இடப்பக்கம் திருப்பினார், நுழைந்துவிட்டார். அடுத்த மரத்திலும் அப்படியே. ஏணியின் நீளத்துக்கு இடம் தேவைப்படவில்லை. அதன் தடிமனுக்கு ஓர் இடுக்கும், திருப்பிப் பார்க்கப் பொறுமையும் போதுமானவையாக இருந்தன. டி.என்.ஏ.வும் ஏறத்தாழ 50 நானோமீட்டர், அதாவது 150 கார இணை நீளம் வரை, எளிதில் வளையாத குச்சிதான். 100 கார இணைத் துண்டின் நீளம் 34 நானோமீட்டர். தடிமன் வெறும் 2. பல்லாயிரம் கார இணை கொண்ட நெடிய இழையோ கயிறு. அது பாம்புபோல் நெளிந்து போகும், அதற்குக் கணக்கே வேறு. குறுந்துண்டை உருண்டையாகவும் கயிறாகவும் கொள்ளாமல் ஏணியாகக் கொண்டபோதுதான் என் கணக்கு ஆய்வகத்து ஜெல்லோடு ஒத்துவரத் தொடங்கியது.

நேரம் நெருங்கிவிட்டதால் மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உப்பின் நேர்அயனிகள் இழையைச் சூழ்ந்து, அதன் மின்சுமையில் பெரும்பகுதியை மறைத்துவிடுகின்றன. அதைக் கழித்துத்தான் இழுவிசையைக் கணக்கிட வேண்டும். கணினியில் துண்டின் ஒவ்வொரு சிறு நகர்வுக்கும் அந்த இழுவையையும் உராய்வையும், வெப்பத்தால் நீர் மூலக்கூறுகள் கண்மூடித்தனமாக இடிக்கும் இடியையும் சேர்த்துக் கூட்டுகிறோம். அந்த இடியை மட்டும் விட்டுவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்; ஏணி முதல் கிளையிலேயே முட்டி நின்றுவிட்டது.